படித்துக் காட்டாத வரி

தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்த காலத்தில், மன்னிப்புக் கடிதம் எழுதுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கு ஒரு பேர் இருந்தது. பேர் இருந்தது என்பதைவிட, அந்தப் பேரை நானே ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன் என்பதுதான் சரி. மலேசியாவில், சிரம்பானிலிருந்து கோலா கிளாவாங் போகிற மலைப்பாதையில், நாலைந்து வளைவு தாண்டி உள்ளே திரும்பினால் எங்கள் தோட்டம். முதலில் ரப்பர், பிறகு எண்ணெய் எடுக்கிற செம்பனை. மரம் மாறியதே தவிர, ஆபீசும் மேனேஜர் துரையும் வேலை மேய்க்கிற மண்டோரும் நானும் மாறவில்லை.

யாராவது தப்பு செய்து மாட்டினால், அல்லது தப்பு செய்ததாக மண்டோர் சொன்னால், ஆட்கள் கூடி நிற்கிற காலைப் பெரட்டில் வேலை பிரித்துக் கொடுத்து முடிந்ததும் அந்த ஆள் நேராக என் மேசைக்கு வருவார். துரைக்கு ஆங்கிலத்தில் மனு எழுத வேண்டும். அந்த மனுவுக்கு ஒரு முறை உண்டு. அதை எனக்கு முன்னால் இருந்த கிராணி எனக்குக் கற்றுக்கொடுத்தார். முதல் வரியிலேயே குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அடுத்து பெண்டாட்டி பிள்ளைகளைச் சொல்ல வேண்டும். கடைசியில் இனி இப்படி நடக்காது என்று முடிக்க வேண்டும். செய்தாயா செய்யவில்லையா என்ற பேச்சுக்கே அதில் இடம் கிடையாது. ஒப்புக்கொண்டவனை மூன்று நாள் வேலையிலிருந்து நிறுத்தி வைப்பார்கள். நான் செய்யவில்லை என்று நின்றவனுக்கு வேலையும் போகும், தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும்.

ஒருமுறை பால்வெட்டுகிற ஓர் ஆள் கிண்ணத்தில் உறைந்த ஒட்டுப்பாலை மூட்டை கட்டிப் புதரில் ஒளித்து வைத்ததாகப் புகார் வந்தது. மாரியம்மன் மேல் ஆணையாக நான் எடுக்கவில்லை என்று அழுதார். "சத்தியமெல்லாம் கோயில்ல வெச்சுக்க. இங்க கையெழுத்துப் போடு" என்றேன். போட்டார். மூன்று நாளில் வேலைக்குத் திரும்பி வந்தார். நான்தான் அவர் குடும்பத்தைக் காப்பாற்றினேன் என்று பத்து பேரிடம் சொன்னேன். அதற்குப் பிறகு என்னைப் பார்த்தால் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். நன்றி கெட்ட மனிதன் என்று அவரையும் பத்து பேரிடம் சொன்னேன்.

இதையெல்லாம் ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், பின்னால் நான் செய்த காரியம் கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை என்று காட்டிக்கொள்ளத்தான். அதையும் சொல்லி வைக்கிறேன். இந்த வயதிலும் எனக்கு என்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை.

லயத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு பெண் இருந்தாள். முதலில் பால் வெட்டினாள், பிறகு செம்பனை வந்ததும் உதிரிப் பழம் பொறுக்கினாள். என்னை அண்ணே என்பாள். அவள் பிள்ளை என்னை மாமா என்பான். தோட்டம் கைமாறி லயத்தை இடித்தபோது அவள் மம்பாவில் ஒரு சின்ன வீட்டுக்குப் போனாள். நான் ராசா என்கிற ஊரில் மகள் வீட்டோடு ஒண்டிக்கொண்டேன். அவள் புருஷன் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளை ஜொகூர் பாருவில் அறை எடுத்துத் தங்கி, தினமும் மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் வெல்டிங் வேலைக்குப் போய் வந்தான். நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் அப்படித்தானே போய் வருகிறார்கள்.

ஒரு நாள் காலை சோதனைச் சாவடியில் அவன் மோட்டார் இருக்கைக்கு அடியில் ஒரு பொட்டலம் இருந்தது. அறையில் கூட இருந்தவனின் கூட்டாளி ஒருவன், அந்தப் பக்கம் ஓர் ஆளிடம் கொடுத்துவிடச் சொல்லி அதைக் கொடுத்திருக்கிறான். வரி கட்டாத சிகரெட் என்று சொன்னானாம். பிரித்துப் பார்த்தால் போதைப்பொருள். அளவு, தூக்குக்கு உரிய அளவு. பிடிபட்ட நிமிடத்திலிருந்து அவன் சொன்னது ஒன்றுதான். சிகரெட் என்று நினைத்தேன், இது எனக்குத் தெரியாது. விசாரணையில் சொன்னான், கோர்ட்டில் சொன்னான், மேல்முறையீட்டில் சொன்னான். தெரியாது என்றால் அதை அவன்தான் நிரூபிக்க வேண்டும் என்பது அங்கே சட்டமாம். கொடுத்தவனைக் காட்டு என்றார்கள். அவன் சொன்ன பட்டப்பேரை வைத்துக்கொண்டு யாரைப் பிடிப்பது? அந்த ஆள் எல்லைக்கு இந்தப் பக்கம் எங்கேயோ இருந்தான். இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு அவனைத் தேடுகிற அவசரம் இல்லை. அந்தப் பக்கத்துக்காரர்கள் இங்கே வந்து தேட முடியாது. நடுவில் அகப்பட்டவன் இவன் ஒருவன்தான்.

ராசாவில் நாங்கள் தே தாரேக் என்கிற ஆற்றின தேத்தண்ணி குடிக்கிற சாலையோர ஒட்டுக்கடையில் சில வாரம் இதே பேச்சு. "சிங்கப்பூர்க்காரனுங்களுக்குத் தண்ணி இங்கருந்துதான் போகுது. நாம பைப்ப மூடினா தெரியும்லா" என்று ஒருவர் மேசையைத் தட்டுவார். "கெஞ்சினா ஏறி மிதிப்பானுங்க" என்று இன்னொருவர். நம் நாட்டிலும்தான் எத்தனை பேரை இதே குற்றத்துக்குத் தூக்கில் போட்டிருக்கிறார்கள். அப்போது எவனும் தேத்தண்ணி டம்ளரைக் கூடக் கீழே வைத்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரன் கயிற்றை எடுத்தால்தான் நமக்கு ரோஷம் வரும். ஆனால் அந்த மேசையில் நானும் உட்கார்ந்திருந்தேன். எனக்கு மட்டும் அவர்களைவிடக் கூடத் தெரியும் என்று ஒரு மிதப்பு. பெரிய நாடாக இருந்தால் என்ன, அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரும் ஒரு துரைதானே, துரையிடம் பேசுகிற விதம் இவர்களுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

மேல்முறையீடு தோற்ற பிறகு மிச்சம் இருந்தது அந்த நாட்டு அதிபருக்குக் கருணை மனு. பிள்ளைக்காக வாதாட முன்வந்தவள் ஒரு வக்கீல் பெண், என் மகளைவிடச் சின்னவள். மனுவை அவள் தயார் செய்துகொண்டிருந்தாள். தாயும் தனியாக ஒரு கடிதம் எழுதினால் நல்லது, எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதட்டும், எழுதியதை முதலில் எனக்கு அனுப்புங்கள், மொழிபெயர்த்து மனுவோடு சேர்க்கிறேன் என்று சொன்னாள்.

தாய் நேராக என்னிடம் வந்தாள். "அண்ணே, நீங்க இருக்கும்போது நான் வேற எங்க போவேன்? துரையே உங்க லெட்டருக்கு எறங்கி வருவாரு. எம்புள்ளய எப்படியாவது கேட்டு வாங்கிக் குடுங்கண்ணே."

அந்த வார்த்தையில் நான் குளிர்ந்துபோனேன். ஓய்வு பெற்ற நாளிலிருந்து என்னை யாரும் எதற்கும் கேட்டதில்லை. மகள் வீட்டில் டீவி ரிமோட்கூட என் கைக்கு வராது. மொழிபெயர்ப்பு எதற்கு, நானே ஆங்கிலத்தில் எழுதுகிறேன் என்றேன்.

இரண்டு நாள் எழுதினேன். சுத்தமான ஆபீஸ் ஆங்கிலம். புருஷனை இழந்தது, ரப்பர் காட்டில் கொசுக்கடியில் பிள்ளையை வளர்த்தது, அவன் பள்ளியில் கால்பந்து ஆடியது எல்லாம் இருந்தது. ஆனால் முதல் வரியில் கை தானாகப் பழைய வழிக்குப் போனது. 'என் மகன் தான் கொண்டுபோவது என்னவென்று அறிந்தே கொண்டுபோனான் என்பதையும், அது பெருங்குற்றம் என்பதையும் ஒரு தாயாக நான் ஒப்புக்கொண்டு தங்கள் காலில் விழுகிறேன்' என்பது அதன் பொருள். எழுதும்போது எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. தெரியாது தெரியாது என்று இரண்டு கோர்ட்டில் சொல்லி என்ன கிடைத்தது? ஒப்புக்கொண்டு விழுந்தால்தான் மனம் இறங்கும். இதுதான் எனக்குத் தெரிந்த உலகம்.

மம்பாவில் அவள் சமையலறையில் உட்கார்ந்து கடிதத்தைத் தமிழில் படித்துக் காட்டினேன். அவளுக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியும், ஆங்கிலம் ஓர் எழுத்தும் தெரியாது. கொசுக்கடி வந்த இடத்தில் அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கால்பந்து வந்த இடத்தில் சிரித்தாள். முதல் வரியை மட்டும் நான் படிக்கவில்லை. 'மாண்புமிகு அதிபர் அவர்களுக்கு' என்பதிலிருந்து நேராக இரண்டாவது வரிக்குத் தாவிவிட்டேன்.

மறந்து விட்டதில்லை. அந்த வரியைக் கேட்டால் அவள் கையெழுத்துப் போட மாட்டாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். என் பிள்ளை தெரியாது என்கிறானே அண்ணே, நான் எப்படித் தெரியும் என்பேன் என்று கேட்பாள். அதற்குப் பதில் சொல்லி மல்லுக்கட்ட எனக்குப் பொறுமை இல்லை. தோட்டத்திலும் அப்படித்தான், மனுவில் என்ன எழுதியிருக்கிறது என்று முழுதாக எவருக்கும் நான் சொன்னதில்லை. நல்லதுக்குத்தானே செய்கிறோம் என்ற நினைப்பு. அவள் பேனாவை இறுக்கிப் பிடித்து, தமிழில், ஒவ்வோர் எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் உறையை நக்கி ஒட்டினேன்.

வக்கீலுக்கு அனுப்பவில்லை. நேற்றுப் பிறந்த பெண் என் ஆங்கிலத்தைத் திருத்துவதா என்று கௌரவம். சிரம்பான் தபால் நிலையத்துக்குத் தாயைக் கூட்டிக்கொண்டு போய், பதிவுத் தபாலில் நேராக அதிபருக்கே அனுப்பிவிட்டேன். பக்கத்துக் கடையில் இரண்டு நகல் எடுத்து அவள் கையில் கொடுத்தேன். என் திறமையை நாலு பேர் பார்க்கட்டுமே.

மனு நிராகரிக்கப்பட்டது. தூக்குக்கு நாளும் குறித்து அவளுக்குக் கடிதம் வந்தது. அதற்கு மறுநாள் வக்கீல் எனக்குப் போன் செய்தாள். தாயிடமிருந்த நகலை அப்போதுதான் பார்த்திருக்கிறாள்.

"அங்கிள், எங்க மனு முழுக்க அவருக்குத் தெரியாதுன்னுதான் எழுதியிருக்கோம். அம்மா லெட்டர்ல மொத வரியே தெரியும்னு இருக்கு."

"அதனாலதான் நிராகரிச்சாங்களாம்மா?" என்று கேட்டேன்.

"தெரியல அங்கிள். அங்க கருணை கெடைக்கிறதே ரொம்ப ரொம்ப அபூர்வம். இது இல்லன்னாலும் கெடைச்சிருக்காதுன்னுதான் நெனக்கிறேன். ஆனா என்னால சொல்ல முடியாது."

அவள் கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் குரலில் களைப்பு மட்டும்தான் இருந்தது. நான் அப்போது கேட்ட அடுத்த கேள்வியை நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. "அந்த அம்மாகிட்ட இத சொல்லிட்டியாம்மா?"

"நான் சொல்லல. நீங்கதான் சொல்லணும் அங்கிள்" என்று வைத்துவிட்டாள்.

தூக்குக்கு முந்தின கடைசி நாட்களில் சிறையில் தினமும் பார்க்க விடுவார்கள் என்றார்கள். துணைக்கு வரச் சொல்லித் தாய் என்னைக் கூப்பிட்டாள், உள்ளே போகிறவர்கள் பட்டியலில் என் பேரையும் கொடுத்திருந்தாள். மறுக்க முடியவில்லை. ஜொகூர் பாருவில் அவள் நாத்தனார் வீட்டில் தங்கினோம். காலையில் பஸ் ஏறிப் பாலத்தைக் கடந்தோம். மகன் பிடிபட்ட அதே சாவடியில் வரிசையில் நின்று, அவள் தன் கடவுச்சீட்டை நீட்டினாள். அதிகாரி முத்திரை குத்தியதும் அவருக்கு நன்றி சொன்னாள். அவளுக்கு யார் மேலும் கோபம் இல்லை. அதுவே எனக்குத் தாங்கவில்லை.

பஸ்ஸில் அவள் சொன்னாள், "அந்த லெட்டர்ல ஒரு காப்பிய அவனுக்கும் அனுப்பிட்டேண்ணே. அம்மா எனக்காக எவ்ளோ அழகா கேட்டிருக்கான்னு படிச்சுப் பாக்கட்டும்னு. அதுக்கப்புறம் அவன்கிட்டருந்து ஒரு பதிலும் இல்ல. மனசு ஒடிஞ்சு போயிருப்பான்ல."

அவன் ஆங்கிலம் படிப்பான். இரண்டு கோர்ட்டில் தெரியாது என்று நின்றவன், அம்மாவின் கையெழுத்துக்கு மேலே 'அறிந்தே செய்தான்' என்று படித்திருக்கிறான். உலகத்தில் அவனை நம்பிய ஒரே ஆள் அவள்தான் என்று நினைத்துக்கொண்டிருந்திருப்பான். அதுவும் இல்லை என்று நான் அவனுக்கு எழுதி அனுப்பியிருந்தேன்.

அன்றைக்கு நான் உள்ளே போகவில்லை. காய்ச்சல் அடிக்கிற மாதிரி இருக்கிறது என்று பொய் சொல்லிக் காத்திருக்கும் அறையில் உட்கார்ந்துகொண்டேன். அடுத்த நாளும் அதே பொய். அந்த இரண்டாவது நாள் அவள் வெளியே வந்தபோது முகம் குழம்பியிருந்தது.

"அண்ணே, அவன் ஒரு மாதிரி கேக்குறான். 'ஏம்மா, நீயும் அப்படித்தான் நெனக்கிறியா'ன்னான். எப்படிடான்னு கேட்டா, 'ஒன்னும் இல்ல விடு, நல்லா சாப்பிடு'ங்குறான். எத கேக்குறான்னே தெரியலண்ணே."

சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். "பயத்துல ஏதோ பேசுறான்மா. மனசுல வெச்சுக்காத" என்றேன். அவள் அதையும் நம்பினாள். நாத்தனார் வீட்டில் அன்று மாலை அவள் எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள், காய்ச்சல்காரனாயிற்றே. உப்புப் போதுமா என்று கேட்டாள். நான் குடித்தேன். அதையும் வெட்கமில்லாமல் குடித்து முடித்தேன்.

மறுநாள்தான் கடைசி நாள். காத்திருக்கும் அறையில் அவள் தலையைச் சரிசெய்துகொண்டு, தன் முறைக்காக உட்கார்ந்திருந்தாள். இன்னும் ஒரு மணி நேரத்தில் பார்க்கிற நேரம் முடிந்துவிடும், இந்தப் பொய் அவனோடு போய்விடும், யாருக்கும் தெரியாது என்று ஒரு நினைப்பு என் மனதில் ஓடியது. ஓடியது என்பதை மறைக்க மாட்டேன். அந்த நினைப்பைக் கண்டுதான் நான் பயந்துபோனேன். பயத்தில்தான் அந்த முதல் வரியைப் பற்றி அவளிடம் சொன்னேன்.

நான் முடித்ததும் அவள் கேட்டாள், "நீங்க எழுதுன மாதிரியே, ஒரு வார்த்த விடாம சொல்லுங்க."

சொன்னேன்.

"எனக்குப் படிச்சுக் காட்டுனப்ப இது இருந்துச்சா?"

"இல்லம்மா."

"தெரிஞ்சே உட்டுட்டிங்களா?"

"ஆமா."

அவள் அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். "நான் சொன்னா எனக்காக சொல்றேன்னு நெனப்பான். நீங்க வாங்க. நீங்களே சொல்லுங்க."

உள்ளே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் உட்கார்ந்திருந்தான். இளைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் மரியாதையாகத் தலையசைத்தான், லயத்தில் என்னைக் கண்டால் செய்கிற மாதிரியே. அவள் டெலிபோனை எடுத்து என் கையில் திணித்தாள்.

"தம்பி, அந்த லெட்டர எழுதுனது நான்தான்ப்பா. அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு ஒனக்குத் தெரியும்ல. அந்த மொத வரிய நான் அவங்களுக்குப் படிச்சே காட்டல. மறச்சுட்டேன். இப்பதான் அவங்களுக்கே தெரியும். அவங்க ஒன்ன ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்ல."

சொல்ல வேண்டியது அதோடு முடிந்துவிட்டது. என்னால் அதோடு நிறுத்த முடியவில்லை. நான் நல்லதுக்குத்தான் நினைத்தேன், தோட்டத்தில் இப்படித்தான் எழுதுவோம், உன் குடும்பத்தை நினைத்துத்தான், என்னை மன்னித்துவிடப்பா என்று அடுக்கிக்கொண்டே போனேன். எனக்கு என்னவோ கிடைக்க வேண்டியிருந்தது. நாளை விடிந்தால் உயிரோடு இருக்கப்போகாதவனிடம் போய் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவன் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தான்.

"டைம் இல்ல மாமா. போன அம்மாகிட்ட குடுங்க."

கொடுத்தேன். அவள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "ஒனக்குத் தெரியாதுடா சாமி. தெரியாது. அம்மாவுக்குத் தெரியும் ஒனக்குத் தெரியாதுன்னு" என்று சொன்னாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டினான், ஒரு தடவை சிரித்தான். நான் இருப்பது இரண்டு பேருக்கும் நினைவில் இல்லை. நான் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.